நான்கு பேருக்கும் தெரிய வேண்டும்: சமூக ஏஆர் செயலியை எந்த வழியில் கட்டுவது?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வாகனங்கள் நிறுத்தப்பட்ட பிறகு, காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களில் ஒன்றின் எதிரே நாங்கள் நான்கு பேர் நான்கு போன்களுடன் நின்றோம். தூணின் அருகே, போன் கேமராவில் மட்டும் தெரியும் ஒரு காகிதப் படகை மிதக்கவிட்டு, அதில் ஒருவர் எழுதும் வரியை மற்ற மூவரும் அதே இடத்தில் படிக்க வேண்டும் என்பதே சோதனை. ஒரு போனில் படகு சரியாக நின்றது. இன்னொன்றில் தரைக்குள் பாதி புதைந்திருந்தது. மூன்றாவதில் சாலையைத் தாண்டிக் கரைக் கற்களின் மேல் போய் ஆடிக்கொண்டிருந்தது. நான்காவது போனில் செயலியே திறக்கவில்லை. படகின் உருவத்துக்கு இரண்டு வாரம் செலவிட்டிருந்தோம். அந்த நான்கு போன்களைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்திருக்கவில்லை.

கேமரா காட்டும் காட்சியின் மேல் கற்பனைப் பொருள்களை வைத்துக் காட்டும், மிகை மெய்ம்மை என்று தமிழில் வழங்கும் ஏஆர் தொழில்நுட்பத்தை வைத்து மனிதர்களை இணைக்கும் செயலி ஒன்றைச் செய்ய விரும்புவோர் புதுவையிலிருந்தும் கடலூரிலிருந்தும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்வதா, உலாவியில் ஓடும்படி செய்வதா, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதுவதா, அல்லது ஸ்னாப்சாட் போன்ற செயலிக்குள் லென்ஸ் எனப்படும் கேமரா விளைவாகச் செய்து முடித்துவிடுவதா? கேட்பவர்களில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர்களும், புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் பயணிகளை நடத்திச் சென்று பழைய கட்டடங்களைக் காட்டுபவர்களும், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வருபவர்களுக்கு விளையாட்டு ஒன்று செய்யலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. மூன்று தரப்பாருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

## அளவுகோல்கள்

முதல் அளவுகோல், கூட வந்தவர்கள் எல்லாருடைய போனிலும் அது ஓடுமா என்பது. தனியாகப் பயன்படுத்தும் செயலியில் ஒருவருடைய போன் ஒத்துழைக்காவிட்டால் ஒரு பயனர்தான் குறைவார். சமூகச் செயலியில், ஐந்து நண்பர்களில் ஒருவருக்கு ஓடாவிட்டால் மற்ற நால்வரும் அதைத் திறக்க மாட்டார்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோர் அங்கீகரித்த போன்களில் மட்டுமே இடமறியும் ஏஆர் இயங்கும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அசைவை அறியும் கைரோஸ்கோப் உணரியே இருப்பதில்லை. ஆப்பிளில் அதற்கு இணையான ஏஆர்கிட் ஐபோன் 6எஸ் முதல் இயங்குகிறது.

இரண்டாவது, ஒரே பொருளை இருவர் ஒரே இடத்தில் காண முடியுமா என்பது. இதைக் கீழே தனியாக விளக்கியிருக்கிறேன், ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் இதைத்தான் சார்ந்திருக்கின்றன.

மூன்றாவது, நம் ஊரின் வெயிலையும் சுவரையும் அது தாங்குமா என்பது. நான்காவது, தமிழ் எழுத்து சரியாகத் தெரியுமா என்பது. ஐந்தாவது, கட்டி முடித்த பிறகு மாதாமாதம் ஆகும் செலவு. ஆறாவது, நீங்கள் நம்பியிருக்கும் சேவையை அதை நடத்துபவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பது. இந்தக் கடைசி அச்சம் மிகையானது அல்ல: ஏஆர் பொருள்களை இடத்தில் பதித்துவைக்கும் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஸ்பேஷியல் ஆங்கர்ஸ் சேவை 2024 நவம்பர் 20 அன்று நிறுத்தப்பட்டது, இன்ஸ்டாகிராமுக்கு ஏஆர் வடிகட்டிகள் செய்ய உதவிய மெட்டா ஸ்பார்க் 2025 ஜனவரி 14 அன்று மூடப்பட்டு, வெளியார் செய்த வடிகட்டிகள் அனைத்தும் அதோடு மறைந்தன.

## பொருளை இடத்தில் கட்டிவைப்பது

ஜிபிஎஸ் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ரோமன் ரோலண்ட் வீதியில் நின்று சோதித்துப் பார்க்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஒன்றின் பிழை ஏறத்தாழ 5 மீட்டர். இருபுறமும் உயர்ந்த மதில்கள் உள்ள குறுகிய வீதியில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிழை இன்னும் கூடும். நீங்கள் ஒரு வாசலில் வைத்த குறிப்பு எதிர் வீட்டின் கூடத்துக்குள் போய் நின்றுவிடும். திசைகாட்டியோ, நிறுத்தியிருக்கும் கார் ஒன்றின் அருகே போனாலே தடுமாறும். வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு ஜிபிஎஸ் போதும். பொருளைச் சுவரோடு ஒட்டிவைக்கப் போதாது.

இரண்டாவது முறை, கூகுளின் கிளவுட் ஆங்கர். பொருளை வைப்பவர் அதைச் சுற்றி நடந்து அந்த இடத்தைக் கேமராவுக்குக் காட்டுகிறார். அந்தக் காட்சித் தடயங்கள் சேமிக்கப்படுகின்றன. அடுத்து வருபவரின் போன் அவற்றைத் தேடிப் பொருத்துகிறது. ஆண்ட்ராய்டில் வைத்ததை ஐபோனில் காணலாம் என்பது இதன் பெரும்பலம். பதிக்கும்போது அதிகபட்சம் 365 நாள் காலம் குறிக்கலாம், அதுவும் உரிய அங்கீகார முறையைப் பயன்படுத்தினால்தான். செயலியைச் சேவையோடு இணைக்கும் சாதாரண ஏபிஐ சாவியில் 24 மணி நேரமே. ஒயிட் டவுனில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் அழகென்று ரசிக்கும் அந்த மஞ்சள் சுவர்கள் கேமராவுக்கு வெற்றிடம். ஒரே நிறத்தில் விரியும் பரப்பில் பிடித்துக்கொள்ள மூலையோ புள்ளியோ இல்லாததால் பொருள் வழுக்கிக்கொண்டே போகும். சுவரைவிட்டுச் சன்னல் கம்பி, வீதிப் பெயர்ப் பலகை, அடிப்பகுதி உரிந்த சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பிய உடனே அது நிலைகொள்வதை நீங்களே காணலாம். பகலில் பதித்ததை மாலையில் தேடினால் கிடைப்பது அரிது. பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் மறுபடி பதிக்க வேண்டும்.

மூன்றாவதான ஜியோஸ்பேஷியல் முறை 2022 மே மாதத்தில் அறிமுகமானது. கூகுளின் ஸ்ட்ரீட் வியூ படங்களை அடிப்படையாகக் கொண்டு கேமரா காணும் தெருவை அடையாளம் காண்கிறது. இந்தியாவில் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில்தான் தொடங்கியது. எனவே உங்கள் வீதியில் இது வேலை செய்யும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். ஓர் இடத்தில் இச்சேவை உண்டா என்று கேட்டறியும் வசதி அதிலேயே இருப்பதால், முதல் நாளே அந்தச் சிறு நிரலை மட்டும் எழுதிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பாருங்கள்.

நான்காவது முறை மிக எளியது: அச்சிட்ட படம் ஒன்றை இடத்தில் வைத்து, அந்தப் படத்தையே நங்கூரமாகக் கொள்வது. எல்லாருடைய கேமராவும் ஒரே படத்தைப் பார்ப்பதால் நான்கு பேருக்கும் பொருள் ஒரே இடத்தில் தெரியும். பார்க்க எளிமையாக இருப்பதால் பலர் இதைத் தாழ்வாக எண்ணுகிறார்கள். எங்கள் காகிதப் படகு நான்கு போன்களிலும் நின்றது இந்த முறைக்கு மாறிய பிறகுதான்.

## வழி ஒன்று: பிறர் செயலிக்குள் லென்ஸ்

ஸ்னாப்சாட்டுக்கு லென்ஸ் செய்ய உதவும் லென்ஸ் ஸ்டுடியோ இலவசம். முகத்தையும் கையையும் அறியும் திறன் ஆயத்தமாகவே இருக்கிறது. பலர் ஒரே காட்சியைப் பகிரும் கனெக்டட் லென்ஸ் 2021-இலும், நமக்கு வேண்டிய இடத்தை நாமே பதியும் வசதி 2022-இலும் வந்தன. ஒரு கல்லூரி விழாவுக்கோ, பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ஐ ஒட்டிய நிகழ்ச்சி ஒன்றுக்கோ, ஒரு வாரம் மட்டும் வாழ வேண்டிய ஒன்றுக்கு இதைவிட விரைவான வழி இல்லை.

இதன் மறைசெலவு பணமல்ல. யார் வந்தார்கள், யார் யாரோடு பேசினார்கள் என்பது எதுவும் உங்கள் கையில் இருக்காது; பயனர்களின் உறவு அந்தச் செயலியோடு, உங்களோடு அல்ல. சமூகத்தைக் கட்ட விரும்புகிறவர்கள் இதைத் தொடக்கமாகக்கூடக் கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி இரண்டு: உலாவியில் ஓடும் வெப் ஏஆர்

கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் திறக்கிறது. எதையும் நிறுவ வேண்டியதில்லை. நடைப் பயணத்துக்கு வந்த பத்துப் பேர் பாரதி பூங்கா வாசலில் நின்று, மொபைல் டேட்டாவில் 150 எம்பி செயலியை இறக்கிக்கொண்டிருப்பதை ஒருமுறை பார்த்தவருக்கு இதன் மதிப்பு புரியும். திறமூல நிரல் தொகுப்புகளான மைண்ட்ஏஆர், ஏ-ஃபிரேம், த்ரீஜேஎஸ் ஆகியவற்றைக் கொண்டு அச்சுப்பட முறையை உரிமக் கட்டணம் இன்றியே செய்யலாம். கைரோஸ்கோப் இல்லாத போனிலும் பட நங்கூரம் இயங்கும். முதல் அளவுகோலில் இந்த வழி முன்னிலை பெறுவதற்கு அதுவே காரணம்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஐபோனின் சஃபாரியில், இடமறியும் ஏஆரை உலாவியில் இயக்கும் வெப்எக்ஸ்ஆர் ஏஆர் இல்லை. ஆண்ட்ராய்டு குரோமில் 2020 முதலே உண்டு. ஆகவே தரையை அறிந்து பொருளை வைப்பது போன்ற செயல்கள் ஆண்ட்ராய்டு பயனர்களுக்கு வேலை செய்து, ஐபோன் பயனர்களுக்குச் செய்யாமல் போகும். ஐபோனில் உள்ள குயிக் லுக் என்ற வசதி மூலம் ஒரு பொருளைத் தரையில் வைத்துக் காட்டலாம் என்றாலும் அதை இன்னொருவரோடு பகிர்ந்து மாற்ற முடியாது. கேமரா அனுமதிக்குப் பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும். ஐபோனில் அசைவு உணரிக்கு, பயனர் ஒரு பொத்தானைத் தொட்ட பிறகே அனுமதி கேட்க முடியும். அரட்டைச் செயலியில் வந்த இணைப்பைத் தொட்டால் அதற்குள்ளேயே திறக்கும் உலாவியில் சில போன்களில் கேமரா கிடைக்காது. "உங்கள் நண்பர் இங்கே பதில் எழுதியிருக்கிறார்" என்ற அறிவிப்பை ஐபோனுக்கு அனுப்ப வேண்டுமானால், ஐஓஎஸ் 16.4 முதல் அது கூடுமென்றாலும், பயனர் உங்கள் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரவழைக்கும் செயலிக்கு இது பெரிய தடை.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை உலாவி நம் பக்கம் நிற்கிறது. சாதாரணப் பக்க எழுத்தாக இட்டால் ஒரு பிழையும் வராது. முப்பரிமாண எழுத்தாக நேரடியாகச் செய்ய முயன்றால்தான் உடைகிறது; அப்போது எழுத்தை உலாவியின் வரைபரப்பான கேன்வாஸில் வரைந்து, அதைப் படமாகப் பொருளின் மேல் ஒட்டிவிட்டால் போதும்.

## வழி மூன்று: யூனிட்டியும் ஏஆர் ஃபவுண்டேஷனும்

யூனிட்டியின் ஏஆர் தொகுப்பான ஏஆர் ஃபவுண்டேஷனில் ஒருமுறை எழுதி இரு போன்களுக்கும் கொடுக்கலாம். உள்ளே ஆண்ட்ராய்டில் ஏஆர்கோரும் ஐபோனில் ஏஆர்கிட்டும் இயங்கும். கிளவுட் ஆங்கர், ஜியோஸ்பேஷியல் இரண்டுக்கும் நீட்சிகள் உண்டு. மாதக்கணக்கில் நிலைத்து நிற்கும் குறிப்புகள், பலர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டு ஆகியவை நோக்கமானால் சிறு குழு ஒன்று எட்டக்கூடிய வழி இதுவே. பெர்சனல் உரிமம், ஆண்டு வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டாதவரை இலவசம். ஆனால் 2023 செப்டம்பரில் நிறுவல் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்து, ஓராண்டுக்குப் பிறகு கைவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த வழியில் நம் மொழிக்கே உரிய மறைசெலவு ஒன்று இருக்கிறது; ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பீடுகளில் அதைக் காண முடியாது. யூனிட்டியில் எல்லாரும் பயன்படுத்தும் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ தமிழ் எழுத்துகளைக் கோத்து அமைப்பதில்லை. "தேர்" என்று எழுதினால் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். "கொடி", "கோயில்" எல்லாம் இப்படியே சிதறும். வீராம்பட்டினம் ஆடித் தேர் பற்றிய குறிப்பில் முதல் சொல்லே உடைந்து தெரிந்தால் அந்தச் செயலியை நம் மக்கள் எப்படித் தமக்குரியதாக எண்ணுவார்கள்? யூனிட்டி 6-இல் திரைகளை அமைக்க உதவும் யூஐ டூல்கிட்டில் இதற்கான புதிய எழுத்தமைப்பு வந்திருக்கிறது, ஆனால் அதற்கேற்பத் திரைகளை அமைக்க வேண்டும். குறியீடுகளை வரிசை மாற்றித் தரும் நீட்சிகளும் உண்டு. நிலையான வரிகளுக்கு அவை போதும்; பயனர் தாமே தட்டச்சு செய்யும் சமூகச் செயலிக்கு ஒவ்வொரு எழுத்துச் சேர்க்கையையும் சோதிக்க வேண்டியிருக்கும். எதிர்பாராத இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

மேலும், ஏஆர் கட்டாயம் என்று பிளே ஸ்டோரில் குறித்தால், அங்கீகாரமில்லாத போன்களின் தேடலில் உங்கள் செயலியே தெரியாது. விருப்பத்தேர்வு என்று குறித்து, அப்படிப்பட்ட போன்களில் அதே குறிப்புகளைச் சாதாரண வரைபடத்தில் காட்டுவதே சமூகச் செயலிக்கு உகந்தது.

## வழி நான்கு: தனித்தனி நேட்டிவ் செயலிகள்

ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியிலும் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியிலும் இருமுறை எழுதுவதால் தமிழ் எழுத்து, பேட்டரி, வேகம் அனைத்தும் சிறப்பாக அமையும். அதே வேளையில், ஒரு போன் பதிந்த சுற்றுப்புறத்தை இன்னொன்றோடு பகிர ஆப்பிள் 2018-இல் தந்த வசதியும், 2019-இல் தந்த கூட்டு அமர்வும் ஐபோன்களுக்கு இடையில் மட்டுமே. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நண்பருக்கு அவை கதவடைத்துவிடும். இரண்டு திறமையான குழுக்களும் நிலையான வருமானமும் இருந்தாலொழிய இந்த வழியில் இறங்க வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | லென்ஸ் | வெப் ஏஆர் | யூனிட்டி | நேட்டிவ் |
|---|---|---|---|---|
| எல்லார் போனிலும் ஓடுதல் | அந்தச் செயலி இருந்தால் | மிக நன்று, பட நங்கூரத்தோடு | அங்கீகரித்த போன்களில் | அங்கீகரித்த போன்களில் |
| ஒரே இடத்தில் பலர் காணுதல் | ஓரளவு | அச்சுப்படம் இருந்தால் நன்று | நன்று | ஐபோன்களுக்குள் மிக நன்று |
| நீண்ட நாள் நிலைத்தல் | குறைவு | படம் இருக்கும்வரை | கிளவுட் ஆங்கரில் 365 நாள் வரை | கிளவுட் ஆங்கரில் 365 நாள் வரை |
| தமிழ் எழுத்து | பெரும்பாலும் படமாக இட வேண்டும் | நன்று | தனி உழைப்பு தேவை | மிக நன்று |
| ஸ்டோர் கட்டணம் | இல்லை | இல்லை | பிளே ஸ்டோருக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் | அதேபோல் |
| பிறரைச் சார்ந்திருத்தல் | முழுமையாக | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் |

## எந்த வழியானாலும் வரும் செலவு

ஏஆர் என்ற சொல்லில் மயங்கி, சமூகம் என்ற சொல்லின் செலவை மறந்துவிடுகிறோம். ஓடிபி அனுப்பக் குறுஞ்செய்திக்கு ஒவ்வொன்றாகக் கட்டணம் ஆவதோடு, அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்திருக்கவும் வேண்டும். பயனர்கள் எழுதும் எதையும் காட்டும் செயலிக்குப் புகாரளித்தல், தடைசெய்தல் ஆகிய வசதிகள் இல்லாவிட்டால் இரு ஸ்டோர்களும் அனுமதி மறுக்கும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. பள்ளி மாணவர்கள் வருவார்கள் என்றால் இதை வடிவமைப்பின் முதல் நாளிலேயே எண்ண வேண்டும். புகார்களை வாசித்துத் தீர்க்க ஒரு மனிதர் தினமும் தேவை. அவருக்கான சம்பளத்தை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை.

இடமும் ஒருவருடையதுதான். ஒயிட் டவுனில் மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய வாசலை நங்கூரமாக்கினால் அந்நியர்கள் நாள் முழுதும் அவ்வாசலை நோக்கிக் கேமரா பிடிப்பார்கள். போக்கிமான் கோ தொடர்பாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2019-இல் சமரசமானபோது, தனி வீட்டு உரிமையாளர் புகார் செய்தால் 40 மீட்டருக்குள் இருக்கும் விளையாட்டு இடங்களை நீக்குவதற்கு அந்த விளையாட்டை உருவாக்கிய நியாண்டிக் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அளவையே நீங்களும் தொடக்க விதியாகக் கொள்ளலாம், ஆனால் புகாருக்குக் காத்திராமல். கடற்கரைச் சாலையில் எதையும் கரைக் கற்களின் பக்கம் வைக்காதீர்கள்; திரையைப் பார்த்தபடி நடப்பவர் காலடியைப் பார்ப்பதில்லை. கோயில்களுக்குள்ளும் ஆசிரம வளாகத்துக்குள்ளும் வைக்கவே வேண்டாம்.

சித்திரை வெயிலில் கேமராவும் திரையும் சேர்ந்து இயங்கும்போது போன் சூடாகித் திரை தானே மங்கும். ஆகவே ஏஆர் காட்சி ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்தில் முடிய வேண்டும்; படிப்பதும் பதில் எழுதுவதும் கேமரா அணைந்த பிறகு நிழலில் நின்று செய்யும்படி அமையட்டும்.

## யாருக்கு எது

நடைப் பயணம் நடத்துபவருக்கு வெப் ஏஆர். ஆயி மண்டபம், பழைய கலங்கரை விளக்கம் என்று ஐந்தாறு நிறுத்தங்களுக்கு வழிகாட்டியின் கையிலேயே அச்சிட்ட அட்டைகள் இருந்தால் போதும். சுவரில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் தடையாகாது. நேற்று வந்த குழு விட்டுச்சென்ற குறிப்பை இன்று வந்தவர் அட்டையின் மேல் காணலாம். அட்டையை மங்கிய மேற்பரப்பில் அச்சிடுங்கள். பளபளக்கும் லேமினேஷனில் வெயில் பட்டால் கேமராவுக்குப் படமே தெரியாது.

மாணவர்கள், ஓராண்டு நேரமும் நிரல் எழுதும் ஆர்வமும் இருந்தால் யூனிட்டியை எடுக்கலாம். ஆனால் முதல் மாதம் முழுவதும் ஒரே இடத்தில், ஒரே பொருளை, நான்கு வெவ்வேறு விலைப் போன்களில் நிலைநிறுத்துவதை மட்டும் செய்யுங்கள். அது முடியாமல் சுயவிவரப் பக்கமும் நண்பர் பட்டியலும் செய்வதில் பயனில்லை.

சில்வர் பீச்சுக்குத்தான் நான் வேறு பதில் சொல்வேன். மணலிலும் அலையிலும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அங்கே கிளவுட் ஆங்கர் நிற்காது. பக்கத்திலேயே கெடிலக் கரையில் புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் விலையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். கிலோமீட்டர் கணக்கில் விரியும் இந்தக் கதைக்கு 5 மீட்டர் பிழை ஒரு பொருட்டல்ல. கடற்கரையில் ஓர் அச்சுப் பலகை வைத்து, அதிலிருந்து குண்டு பறப்பதை உலாவியிலேயே காட்டி, அது விழுந்த திசையில் உள்ள ஊர்க்காரர் வரைபடத்தில் ஜிபிஎஸ் புள்ளியில் தம் ஊரின் நினைவை எழுதும்படி செய்யலாம். பலகை உப்புக் காற்றில் வெளுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சிடும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.